மூன்றரைக்கும் ஏழுக்கும் நடுவே: வட சென்னையில் மறுபடி வேலைக்குப் போகிறவர்களுக்கு

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு ஐந்து வருடமோ பத்து வருடமோ வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள், திரும்பப் போகலாம் என்று நினைத்ததும் பயோடேட்டா எழுத உட்காருவார்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டுவார்கள். இரண்டும் செய்ய வேண்டியவைதான், ஆனால் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. வேலை தெரியாமல் விட்டவர்களைவிட, நேரம் ஒத்துவராமல் மூன்றே மாதத்தில் விட்டவர்களைத்தான் நாம் சுற்றிலும் பார்க்கிறோம். அம்மாக்களை மனதில் வைத்தே இதை எழுதியிருக்கிறோம். வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்த்த அப்பாக்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பள்ளி விட்ட பிறகு யார்?

பள்ளி மூன்றரை, நாலுக்கு விடும். அலுவலகம் ஆறு, ஆறரைக்கு விடும். வீடு வந்து சேர ஏழு, ஏழரை. நடுவில் உள்ள மூன்றரை மணி நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதை, முதல் இன்டர்வியூவுக்குப் போவதற்கு முன்பே பெயரோடு எழுதிவிடுங்கள். "யாராவது பார்த்துப்பாங்க" என்று விட்டால் அது உங்கள் தலையில்தான் வந்து விழும்.

பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, மாலை வரை வைத்துக்கொள்ளும் டே கேர், டியூஷன் என்று நாலைந்து வழிதான் உண்டு. டியூஷன் பல இடங்களில் ஐந்து மணிக்குத்தான் ஆரம்பிக்கும். நாலிலிருந்து ஐந்து வரை பிள்ளை எங்கே இருக்கும் என்பது தனிக் கேள்வி. பக்கத்து வீட்டில் விடுவதென்றால் "நமக்குள்ள என்ன காசு" என்று விட்டுவிடாதீர்கள். மாதம் எவ்வளவு, எந்தத் தேதி, மாலைப் பலகாரம் யார் பொறுப்பு, லீவு நாளில் உண்டா என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும். பேசாமல் தொடங்கிய ஏற்பாடு இரண்டாவது மாதம் மனஸ்தாபத்தில் முடிகிறது. வேலையும் அதோடு போகிறது.

கணவர் மணலியிலோ எண்ணூரிலோ துறைமுகத்திலோ ஷிஃப்ட் வேலையில் இருந்தால், ஒரு மாதக் காலண்டரை எடுத்து அவருடைய ஷிஃப்டைக் குறியுங்கள். காலை 6 முதல் 2 வரையுள்ள வாரத்தில் அவரே பள்ளியிலிருந்து கூட்டிவந்துவிடலாம். 2 முதல் 10 வரையுள்ள வாரத்தில் வீட்டில் ஆளே இல்லை. இரவு ஷிஃப்ட் வாரத்தில் ஆள் இருப்பார், ஆனால் தூங்கியாக வேண்டும். ஆக மாற்று ஆள் தேவைப்படுவது எல்லா நாளுக்கும் இல்லை, குறிப்பிட்ட வாரங்களுக்குத்தான். இப்படிக் குறித்துப் பார்த்தால் மாமியாரிடம் கேட்பதும் எளிது. "தினமும் பாத்துக்கோங்க" என்பதற்கும் "அவருக்கு செகண்ட் ஷிஃப்ட் வர்ற வாரம் மட்டும் பாத்துக்கோங்க அத்தை" என்பதற்கும் நிறைய வித்தியாசம்.

இரண்டு வயது தாண்டிய குழந்தைக்குப் பால்வாடி இருக்கிறது, மதியச் சாப்பாடும் உண்டு. ஆனால் மாலை வரை இருக்காது, அதை மட்டும் நம்பி முழுநேர வேலை எடுக்க முடியாது. அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலை அடுப்படியில் அரை மணி மிச்சம். 50 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பது 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்ந்த விதி. பெரிய இடமாக இருந்தால் இன்டர்வியூவிலேயே கேளுங்கள்.

ஏற்பாடு முடிவானதும், வேலை தேடும்முன் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். பள்ளி விட்டு ஏழு மணி வரை பிள்ளை அந்த ஆளிடம் இருக்கட்டும், நீங்கள் வெளியே இருங்கள். முதல் நாலு நாள் அழுகை, ஐந்தாம் நாள் ஹோம்வொர்க் பிரச்சினை, எட்டாம் நாள் அந்த அக்காவுக்கு ஊரில் ஒரு கல்யாணம். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் வர வேண்டிய சிக்கல் எல்லாம் இப்போதே வந்து தீர்ந்துவிடும்.

எவ்வளவு தூரம்?

முதல் வருடம் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை முக்கால் மணிக்குமேல் ஆகும் வேலையை எடுக்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஓ.எம்.ஆரில் மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும், திருவொற்றியூரிலிருந்து சோழிங்கநல்லூர் போய்வருவது நாளில் நாலு மணி நேரத்தைத் தின்றுவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் ஓடிவரவும் முடியாது.

உங்கள் பக்கத்துப் பாதையை வைத்து வட்டம் போடுங்கள். விம்கோ நகர், தேரடி, காலடிப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு மெட்ரோ இருக்கிறது. மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல், டி.எம்.எஸ்., கிண்டி எல்லாம் ஒரே வண்டியில். எண்ணூர், கத்திவாக்கத்துக்காரர்களுக்குக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா பக்கம் இருந்தால் அம்பத்தூர் எஸ்டேட் நினைப்பதைவிடக் கிட்டம். ஆவடி, அரக்கோணம் வண்டியில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கினால் எஸ்டேட் பக்கம். வெள்ளை போர்டு சாதாரண பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பஸ்ஸை மட்டும் நம்புகிறவர்கள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டையும் மூலக்கடை நெரிசலையும் எண்ணூர் நெடுஞ்சாலைக் கன்டெய்னர் லாரிகளையும் சேர்த்துக் கணக்குப் பண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு "இருபது நிமிஷம்தான்" என்று முடிவுக்கு வராதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் போய்ப் பாருங்கள்.

காகிதங்கள்

இதில்தான் அதிக நாள் போகிறது. வேலை கிடைத்த பிறகு தொடங்கினால் முதல் மாதச் சம்பளமே தள்ளிப்போகும்.

பெரிய சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பான் கார்டில் அப்பாவின் முழுப் பெயர், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. ஒரே ஆள் நாலு பெயரில் இருப்பார். பான் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பலருக்குப் பானும் ஆதாரும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். பி.எஃப். கணக்கு ஆதாரில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் வைத்தே சரிபார்க்கிறது. இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் ஒரு 'எச்' கூடக் குறைய இருந்தாலும் நின்றுவிடும்.

எதை மாற்றுவது? கல்விச் சான்றிதழை மாற்றுவது கடினம், அதை அப்படியே விட்டுவிடுங்கள். மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். கல்யாணம் ஆனால் பெயரை மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கல்யாணத்துக்கு முன் எடுத்த பான் கார்டு இருந்தால் அதில் அப்பாவின் பெயரே விரிந்து இருக்கும். அதை ஆவணமாகக் காட்டி ஆதாரில் பெயரைத் திருத்தலாம். முதலில் ஆதார், பிறகு தேவைப்பட்டால் பான், கடைசியில் வங்கி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். ஆகவே மையத்தில் தட்டச்சு செய்து காட்டும் சீட்டை எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே சரி சொல்லுங்கள். போன் நம்பர் மாறியிருந்தால் அதே நாளில் அதையும் மாற்றிவிடுங்கள். பழைய நம்பருக்கு ஓ.டி.பி. போய்க்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

முன்பு வேலை பார்த்தபோது பி.எஃப். பிடித்திருந்தால், யு.ஏ.என். என்ற 12 இலக்க எண்ணைத் தேடி எடுங்கள், எத்தனை நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். எண் அது. பழைய சம்பள ஸ்லிப்பில் இருக்கும். யு.ஏ.என். 2014-இல்தான் வந்தது. அதற்கு முன்பே வேலையை விட்டவர்களிடம் பழைய உறுப்பினர் எண் மட்டும் இருக்கும், அதைப் புதிய நிறுவனத்தில் சொல்லுங்கள். யு.ஏ.என். ஏற்கெனவே இருப்பவர் "இல்லை" என்று சொல்லி இன்னொன்று எடுத்தால், பிறகு இரண்டையும் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பழைய பணத்தை எடுத்துவிடலாமா என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். பழைய நாலு வருடத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றினால், இன்னும் ஆறு வருடம் போதும். எடுத்துவிட்டால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். புதிதாக யு.ஏ.என். எடுப்பவர்கள் 2025 ஆகஸ்டிலிருந்து அரசின் உமாங் செயலியில் முகத்தைக் காட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

பழைய நிறுவனம் மூடிவிட்டதா, அனுபவச் சான்றிதழ் இல்லையா? பி.எஃப். இணையதளத்தில் உங்கள் சேவை வரலாறு இருக்கும். எந்த நிறுவனம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதை அச்செடுத்து வைத்தால் அதுவே சாட்சி.

இரண்டு வருடம் கைவைக்காத வங்கிக் கணக்கு செயலற்றதாகப் போயிருக்கும். ஆதார், பான் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனால் திறந்துகொடுப்பார்கள், இதற்குக் கட்டணம் கிடையாது.

பக்கத்திலேயே என்ன வேலை?

நம் பகுதியில் அதிகம் பேசப்படாத வேலை, பாரிமுனை, மண்ணடி, ராஜாஜி சாலையைச் சுற்றியுள்ள, சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத்தரும் கிளியரிங் ஆபீஸ்களில் டாக்குமென்டேஷன். துறைமுகமும் சுங்க அலுவலகமும் இங்கே இருப்பதால் வந்த வேலை இது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் பார்த்து இறக்குமதிக்குப் பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில் என்ற சுங்கப் படிவங்களின் விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். வேண்டியது பி.காம். மட்டுமில்லை, ஒரு எண்ணைக்கூடத் தவறாமல் அடிக்கும் கவனம். எடையில் ஒரு சைபர் கூடினால் கன்டெய்னர் நின்றுவிடும், நின்ற நாளுக்கு வாடகை ஏறும். தட்டச்சு படித்தவர்களுக்கு இது கைவந்த வேலை. கப்பல் கிளம்பும் நாளில் தாமதமாகும் என்பதை மட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது அக்கவுண்ட்ஸ். சவுகார்பேட்டை மொத்தக் கடைகளிலிருந்து மாதவரம் குடோன்கள் வரை ஆள் தேவைப்படுகிறது. நீங்கள் வேலையை விட்டது 2017 ஜூலைக்கு முன் என்றால் உங்களுக்குத் தெரிந்தது வாட், இப்போது ஜி.எஸ்.டி. புதிதாகப் பழக வேண்டியவை இவை: மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனை விவரம் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், 3பி என்ற வரி கட்டும் படிவம் 20-ஆம் தேதிக்குள். 5 கோடிக்குமேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ். குறிப்பிட்ட மதிப்புக்குமேல் சரக்கு நகர்ந்தால் இ-வே பில். 2025 செப்டம்பர் 22-இலிருந்து 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான பொருள்கள் 5, 18-க்கு வந்துவிட்டன. பழைய புத்தகத்தை வைத்துப் படிக்காதீர்கள். இந்த 11, 20 தேதிகளை ஒட்டி லீவு கேட்டால் எந்த முதலாளிக்கும் முகம் மாறும் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

கோர்ஸுக்குப் பணம் கட்டும்முன், கணக்கு எழுதும் மென்பொருளான டேலி பிரைமை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக் கல்விப் பயன்முறையில் திறங்கள், இலவசம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே என்ட்ரி போட முடியும், பழகுவதற்கு அது போதும். வீட்டு மளிகை, பால், வாடகைக் கணக்கையே முப்பது வவுச்சராகப் போடுங்கள். எக்செலில் வி-லுக்அப், பிவட், ஃபில்டர் மூன்றும் கைக்கு வர வேண்டும். தினம் ஒரு மணி, ஆறு வாரம். வீட்டில் இடமோ அமைதியோ இல்லையென்றால் நூலகம் நல்லது. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கவும் லேப்டாப்பில் வேலை செய்யவும் இடம் உண்டு.

பள்ளிப் பணி பிள்ளைகளின் நேரத்தோடு ஒத்துப்போகும் ஒரே வேலை, சம்பளம் குறைவாகத் தொடங்கினாலும். 2011-க்குப் பிறகு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்கள் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று ஒதுங்க வேண்டாம். 2021-இல் அதை வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். நர்ஸிங் படித்தவர்கள் விண்ணப்பிக்கும்முன் கவுன்சில் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் ஆள் எடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். தீபாவளி, பொங்கல் சீசனில் இரவு பத்து தாண்டும், அப்போது பிள்ளைகளுக்கும் லீவு என்பதை யோசியுங்கள். விற்பனை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் வந்திருக்கிறது. சேரும்போதே கடைக்குள் ஸ்டூல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கடையைப் பற்றி அதுவே நிறையச் சொல்லும்.

பயோடேட்டாவும் இன்டர்வியூவும்

ஒரே பக்கம். இடைவெளியை மறைக்க வேண்டாம். "2016 முதல் 2025 வரை: குழந்தை வளர்ப்பு, வீடு" என்று ஒரே வரி. கீழே, கடந்த மூன்று மாதத்தில் பழகியவை. மூடிப்போன நிறுவனத்தின் பெயரில் பொய் அனுபவம் போட்டுத்தரும் ஆட்கள் இருக்கிறார்கள், பி.எஃப். வரலாற்றைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எல்லா இடத்திலும் ஒரு கேள்வி வரும்: "இத்தனை வருஷம் வீட்ல இருந்தீங்க, பசங்கள யார் பாத்துப்பாங்க?" ஆண்களிடம் இதைக் கேட்பதில்லை, கேட்பது நியாயமும் இல்லை. ஆனாலும் பதில் கையில் இருக்கட்டும், நீட்டி விளக்க வேண்டாம். "ரெண்டு பசங்க சார், சின்னவன் ரெண்டாவது படிக்கிறான். ஸ்கூல் விட்டு ஏழு மணி வரைக்கும் அம்மா பாத்துப்பாங்க, அவங்களுக்கு முடியலன்னா பக்கத்து வீட்ல ஆள் இருக்காங்க. நான் டேலி பிரைம்ல ஜி.எஸ்.டி. என்ட்ரி போட்டுக் காட்டட்டுமா?" பேச்சை வேலைக்குத் திருப்பிவிட வேண்டும். ஒத்திகை பார்த்தவருக்கு இந்தப் பதில் தயங்காமல் வரும்.

பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் 2014-இல் வாங்கிய ஒன்பதாயிரத்தைச் சொல்லி அதன்மேல் ஆயிரம் கேட்காதீர்கள். இப்போது அதே வேலைக்கு அக்கம்பக்கத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டு அந்தத் தொகையைச் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டியவை: சனிக்கிழமை முழுநாளா, மாதக் கடைசியில் எத்தனை மணி வரை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, சம்பளம் எந்தத் தேதி.

கையில் எவ்வளவு வரும்?

"சிடிசி 17,438" என்று கடிதத்தில் இருக்கிறது என்று வையுங்கள். சிடிசி என்பது நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை. இதில் நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800, அதன் நிர்வாக, காப்பீட்டுக் கட்டணம் 150, இ.எஸ்.ஐ. 488 எல்லாம் சேர்ந்திருக்கும். அவற்றைக் கழித்தால் மொத்தச் சம்பளம் 15,000. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 12 சதவீதம் 1,800, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 113. கையில் வருவது 13,087. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரி பிடிப்பார்கள். அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250. அந்த மாதம் சம்பளம் குறைந்ததென்று பதற வேண்டாம்.

13,087-இலிருந்து டே கேர், ஷேர் ஆட்டோ, மெட்ரோ, வெளியில் வாங்கும் இட்லி மாவு எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம் நாலாயிரம்தான் என்றாலும் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பி.எஃப்.பில் இருபக்கமும் சேர்ந்து மாதம் 3,600 உங்கள் பேரில் ஏறுகிறது, அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்கு. முதல் வருட அனுபவம் அடுத்த வேலையின் சம்பளத்தைத் தூக்கும். டே கேர் செலவை உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் கழிப்பதும் தவறான கணக்கு. பிள்ளை இருவருக்கும் சொந்தம், செலவும் இருவர் சம்பளத்திலிருந்தும் போகட்டும்.

மாதச் சம்பளம் 21,000 வரை இ.எஸ்.ஐ. உண்டு, பிள்ளைகளுக்கும் சேர்த்து. பதிவு செய்யும்போது மருந்தகத்தை அலுவலகத்துக்குப் பக்கத்தில் போடாமல் வீட்டுக்குப் பக்கத்தில் கேட்டு வாங்குங்கள், காய்ச்சல் பிள்ளைக்கு வீட்டில்தானே வரும். படுக்கை வசதிக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

பணம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்

ரிஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை இல்லை. மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் வீட்டிலிருந்தே பேக்கிங் வேலை, டெலிகிராமில் லைக் போடும் வேலை எல்லாம் இந்த வகை. பணம் போய்விட்டால் அதே நாளில் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், தாமதித்தால் பணத்தை நிறுத்திவைப்பது கடினம். அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும், நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181.

சேர்ந்த பிறகு

முடிந்தால் ஜூலையிலோ ஜனவரியிலோ சேருங்கள். ஜூனில் பள்ளி திறந்து பிள்ளைகள் புது வகுப்புக்குப் பழகும் நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. காலையில் கலெக்டர் லீவு அறிவிப்பார், பிள்ளைக்குத்தான் லீவு, உங்களுக்கு இல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து வெளியே வருவதே பாடு. ரயிலில் போகும் மாற்றுப் பாதையை அக்டோபருக்கு முன்பே ஒருமுறை போய்ப் பாருங்கள். மழை லீவுக்கென்று இரண்டு கேஷுவல் லீவைத் தொடாமல் வைத்திருங்கள்.

முதல் மாதம் வீட்டு வேலை எதுவும் தானாகக் குறையாது. எதை யார் செய்வது என்பதைச் சேரும்முன் உட்கார்ந்து பேசிப் பிரியுங்கள். தண்ணீர் பிடிப்பது, பிள்ளைக்குத் தலைவாருவது, ராத்திரிப் பாத்திரம் என்று பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும். "நானும் உதவி செய்றேன்" என்ற பேச்சு இரண்டு வாரம் தாங்காது.

இரண்டாம் மாதம் சம்பளம் வந்ததும், பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து முதல் மாதப் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஸ்லிப்பில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் இல்லையென்றால் அந்த வாரமே ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள், அதன் நகலை உங்கள் சொந்த மெயிலுக்கும் அனுப்பி வையுங்கள்.